‘பழையது’ என்று எழுதி விற்றோம்

‘பவர் வேர்ட்’ என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், கரண்ட் ஆபீஸில் போய்க் கேளுப்பா என்று அனுப்பியிருப்பேன். போன மாதம் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உப்புக் கம்பெனியில், நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு இப்போது வந்திருப்பவர்கள். செல்போனைத் திறந்து, இந்தச் சொற்களைப் போட்டால் சரக்கு பறக்கும் என்று எவனோ எழுதி வைத்திருப்பதைக் காட்டினார்கள். ‘அதிரடி’, ‘ரகசியம்’, ‘உத்தரவாதம்’, ‘உடனே’, ‘புத்தம் புதிய’. “இதுல எது ஆன்ட்டி ரொம்ப ஸ்ட்ராங்?” என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். டீயைப் பற்றிக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியிலேயே சண்டைக்குப் போய்விடுவேன், அது என் சுபாவம். எழுதினால் எதிரே ஆள் இல்லை, பிழைத்தார்கள்.

என் பெயர் பிலோமினா. மரக்காணத்தில் பிறந்து, மரக்காணத்திலேயே வேலை பார்த்து, மரக்காணத்திலேயே ரிட்டையர் ஆனவள். டைப்ரைட்டிங் பாஸ் செய்த கையோடு ஜமால் பாயின் கம்பெனியில் கடிதம் அடிக்கச் சேர்ந்தேன். சுவரில் விளம்பரம் எழுதும் பெயின்டர் ஒருநாள் வந்து நின்றான். அவனுக்குக் கொடுக்க வாசகம் இல்லை. “ஏம்மா, நாள் பூரா கடுதாசி அடிக்கிறியே, நாலு வரி எழுத மாட்டியா?” என்றார் பாய். அந்த நாலு வரி நான் ஓய்வு பெறும் வரை முடியவில்லை. பாக்கெட், நோட்டீஸ், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிற விளம்பரம் எல்லாம் என் தலையில் விழுந்தது. கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதினேன், பாய் கிழித்தார், மறுபடி எழுதினேன்.

பாய் கூனிமேட்டுக்காரர். உப்பளம் அவர் அப்பா காலத்தது, பாக்கெட் போட்டு விற்கும் யோசனை இவருடையது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எழுதியதை நீட்டினால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பார். ஊரெல்லாம் கண்ணாடி போட்டுப் படிக்கும், இவர் மட்டும் கழற்றிப் படிப்பார். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. “வா, ஷெட்டுக்குப் போலாம்” என்பார்.

ஷெட் என்றால் பாக்கெட் போடும் ஷெட். நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெண்கள். ஒருத்தி உப்பை அள்ளிப் போடுவாள், அடுத்தவள் தராசில் வைப்பாள், அதற்கடுத்தவள் கூட்டுவாள் குறைப்பாள், கடைசியில் கஸ்தூரி மிஷினில் வைத்துக் காலால் மிதித்துப் பாக்கெட்டின் வாயை ஒட்டுவாள். கஸ்தூரிக்கு ஒரு முட்டி போய்விட்டது. உப்பளத்தில் தலைச்சுமை தூக்கித் தூக்கிப் போன முட்டி. அவள் உட்கார்ந்து செய்ய முடிந்த வேலை இந்த ஊரில் அந்த மிஷின் ஒன்றுதான். நல்ல காலால் மிதிப்பாள். காலை விட வாய் வேகமாக ஓடும்.

டீ குடித்துவிட்டு எல்லோரும் திரும்ப உட்கார்ந்து, கைகள் ஒரே வேகத்துக்கு வந்த பிறகுதான் பாய் என்னை வாசலில் நிறுத்துவார். நான் எழுதியதை ஒரே ஒரு தடவை படிக்க வேண்டும். ஆட்டோ மைக்கில் கத்துகிறவன் மாதிரி இழுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற குரலில் படிக்க வேண்டும். பாய் என் பின்னால் நின்றுகொண்டு பெண்களின் கைகளையே பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். “மூஞ்சி பொய் சொல்லும். கூலி கொடுக்கறவன் நிக்கறான்னு சிரிச்சு வைக்கும். கைக்கு அந்தத் தந்திரம் தெரியாது” என்பார். படித்து முடிக்கும்போது எந்தக் கையாவது நின்றிருந்தால் வாசகம் அச்சுக்குப் போகும். இல்லையென்றால், “கை நிக்கலம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் விமர்சனம்.

முதல் தடவை நான் படித்தது ‘சுத்தமான, தரமான, சுகாதாரமான உப்பு’. ஒரு கை நிற்கவில்லை. கடைசி வார்த்தை முடிந்ததும் கஸ்தூரி, “இன்னாடி சொன்னா? நாளைக்கு லீவா?” என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாய் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, “நீ வூட்ல உப்பு வாங்கினா மொதல்ல இன்னா பண்ணுவ?” என்று கேட்டார்.

“முறத்துல கொட்டி கல்லு பொறுக்குவேன் பாய்.”

“அப்ப அத எழுது. சுத்தம், சுகாதாரம்லாம் பஞ்சாயத்து போர்டு எழுதிக்கட்டும்.”

மறுநாள் ‘கல் பொறுக்க வேண்டாம்’ என்று படித்தேன். மேசையில் பாதிக் கைகள் நின்றன. கஸ்தூரியின் கால் மிஷினுக்கு மேலேயே நின்றது. “மெய்யாலுமாடி?” என்றாள். தினமும் அந்த உப்பைத் தொடுகிறவளே கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குப் பலம் அகராதியிலிருந்து வருவதில்லை, முறத்தைப் பிடிக்கும் கையிலிருந்து வருகிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொரு தடவை பொங்கலுக்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். வரிக்கு வரி ஆச்சரியக்குறி. சில இடங்களில் மூன்று மூன்றாக நிறுத்தியிருந்தேன். பாய் அதை ஷெட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை. “உப்பில்லாத பண்டம் குப்பையிலன்னு சொல்றோம். உப்பு மிஞ்சின பண்டமும் அங்கதாம்மா போவும்” என்று சொல்லி, பேனாவை வாங்கி எல்லாக் குச்சிகளையும் தானே அடித்தார். எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்படி அடித்துத் துவைத்ததில் நானும் தேறினேன். இரண்டாயிரத்து நான்கில் கம்பெனிக்குப் புது கவர் அடித்தோம். அந்த வாசகத்தை எழுதியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நீல நிறத்தில் ஒரு பெரிய அலை, அதற்குமேல் ‘கடலிலிருந்து நேராக உங்கள் சமையலறைக்கு’. கீழே ‘புத்தம் புதிய உப்பு’. ஷெட்டில் படித்தபோது எல்லாக் கையும் நின்றது. உண்மையைச் சொன்னால் எங்கள் உப்பு கடலிலிருந்து நேராக வருவதில்லை. உப்பங்கழியில் ஏறும் தண்ணீரைப் பாத்திக்கு இறைத்து, வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரி, குவித்து, அப்புறம்தான் பாக்கெட். ஆனால் ‘கழியிலிருந்து சுற்றி வளைத்து’ என்றா எழுத முடியும்? தீபாவளி வரை அந்த கவர் பிய்த்துக்கொண்டு போனது. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி என்று எங்கள் வேன் டிரைவர் செல்வம் சுற்றிச் சுற்றி வந்தான். புதுச்சேரியிலிருந்து கட்டுக் கட்டாகக் கவர் வந்து இறங்கியது.

அப்புறம் அந்த டிசம்பர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நான் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து ஜனங்கள் ரோட்டை நோக்கி ஓடி வந்தார்கள். பாதிப் பேர் உடம்பில் ஈரம். கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். கடல் எப்படி உள்ளே வரும் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. கஸ்தூரியின் தங்கை குப்பத்தில் மீன் எடுத்து ஊருக்குள் விற்பவள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நல்ல விலை போகும் என்று அதிகாலையிலேயே கூடையோடு கரைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரவில்லை.

எங்கள் அம்பாரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்பாரம் என்றால் வாரிய உப்பை மலை மாதிரி குவித்து, மழைக்குக் கரையாமல் பனையோலை போட்டு மூடி வைத்திருப்பது. அவை ரோட்டுக்கு மேற்கே மேட்டில் இருந்தன. அதோடு, மழைக்காலத்தில் இங்கே யாரும் உப்பு எடுப்பதில்லை. டிசம்பரில் நாங்கள் விற்றுக்கொண்டிருந்தது முழுக்கப் போன கோடையில் வாரியது. கடல் பொங்கிய நாளுக்கும் அந்த உப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அது எங்களுக்குத் தெரியும், வந்தவாசியில் கடைக்கு வரும் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரியில் செல்வம் வேனை அப்படியே சரக்கோடு திருப்பிக் கொண்டுவந்தான். “அக்கா, மீனே எவனும் தொட மாட்டேங்கறான். கடல்ல அத்தனை பொணம் கெடந்துச்சே, அதுல வந்த உப்பான்னு கேக்கறாங்க. திண்டிவனம் அண்ணாச்சி பாக்கெட்ட என் கையிலயே கொடுத்துட்டார். ‘கடலிலிருந்து நேரா’ன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களேப்பான்றார்” என்று சொன்னான். நான் போய் ஒரு கடையில் நின்று பார்த்தேன். ஒரு பெண் பாக்கெட்டை எடுத்தாள், அந்த நீல அலையைப் பார்த்தாள், வைத்துவிட்டாள். முகம் சுளிக்கக்கூட இல்லை. நான் எழுதியதிலேயே பலமான வாசகம் அது. பலம் குறையாமல் அப்படியே எதிர்ப்பக்கம் வேலை செய்தது.

ஷெட்டில் பாதி நாள்தான் வேலை. பாய் பெண்களைக் கூப்பிட்டு, மாசி முடியும் வரை எப்படியாவது ஓட்டுகிறேன், அதற்குள் சரக்கு நகரவில்லை என்றால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான், உப்பை மூட்டையாகத் தோல் பதனிடுகிறவர்களுக்கு விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் கழனி வேலைக்கோ உப்பளத்துக்கோ போய்ப் பிழைத்துக்கொள்வார்கள். கஸ்தூரி எங்கே போவாள்? தங்கையின் இரண்டு பெண் பிள்ளைகளும் இப்போது அவள் வீட்டில். அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் வாய் மூடியிருந்து அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

நான் உட்கார்ந்து ஒரு பெரிய நோட்டீஸ் எழுதினேன். எங்கள் உப்பு எப்போது எடுத்தது, அம்பாரம் எங்கே இருக்கிறது, தண்ணீர் எதுவரை வந்தது, எல்லாம் விளக்கமாக. ‘சத்தியமாகச் சொல்கிறோம்’ என்று முடித்திருந்தேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “பிலோம்மா, மீன்காரி ‘சத்தியமா நேத்து மீன் இல்ல’ன்னு சொன்னா நீ வாங்குவியா?” என்றார்.

“செவுள தூக்கிப் பாப்பேன்.”

“அதான். சத்தியம் பண்ண ஆரம்பிச்சா கூடைய பாக்க ஆரம்பிப்பாங்க.”

செல்வம் ஒரு யோசனை சொன்னான். “சுருக்கமா போடுங்கக்கா. ‘சுனாமிக்கு முந்தின உப்பு’. முடிஞ்சுது கதை.” எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வேறு எதுவும் கைவசம் இல்லை. வழக்கம்போல டீக்குப் பிறகு வாசலில் நின்று படித்தேன்.

எல்லாக் கையும் நின்றது. ஆனால் இத்தனை வருடத்தில் இந்த மாதிரி விறைத்து நின்றதே இல்லை. தராசுக்காரி கையில் தூக்கிய உப்பு விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. கஸ்தூரி மிஷினை விட்டு எழுந்தாள். மேசையைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டே வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன். ஷெட்டின் பின்பக்கம் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். “அந்தப் பேர போட்டா விக்கணும்? அந்தப் பேர போட்டா நான் ஒட்டணும்?” என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

உள்ளே வந்தபோது பாய் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். “கை நிக்கறதுலயும் ரெண்டு தினுசு இருக்குதும்மா. இது வேணாம். ஷெட்டு பூட்டினாலும் பரவால்ல, இது வேணாம்” என்றார். அவர் சொன்னதிலேயே நீளமான விமர்சனம் அதுதான். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்று இரண்டு மடங்கானது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சோதனை. நான் எழுதாத சொல் இல்லை. ‘ஒப்பற்ற’, ‘தூய’, ‘வெண்ணிற’, ‘பாரம்பரிய’. படிக்கப் படிக்க எனக்கே கொட்டாவி வந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே சிந்தனை. ஒரு சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து என் அக்கா வந்தாள். ஒரு கூடை நார்த்தங்காயை இறக்கி வைத்துவிட்டு, “ஏய், ஊறுகா போடணும், உப்பு குடு. பழைய உப்பா பாத்துக் குடு, போன தபா மாதிரி புதுசக் குடுத்துக் கசக்க வெச்சிடாத” என்றாள்.

நானும் பேசாமல் போய் ஜாடியிலிருந்து பழைய உப்பை அள்ளிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அப்படியே நின்றேன். புது உப்பில் லேசாக ஒரு கசப்பு இருக்கும். ஒரு மழைக்காலம் ஓலைக்கடியில் கிடந்தால் அந்தக் கசப்பு நீராகக் கசிந்து வடிந்துவிடும். உப்பளத்துக்காரர்கள் யாரும் ஊறுகாய்க்குப் புது உப்பைத் தொட மாட்டோம். பங்குனியில் புது அம்பாரம் எழும்போது, பழைய அம்பாரத்தின் அடி உப்பை ஷெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பை அள்ளிக்கொண்டு போவது வழக்கம். அதற்கு அடிதடியே நடக்கும். நானும் வரிசையில் நின்று அள்ளுவேன். வீட்டுக்குப் பழையதைப் பத்திரப்படுத்திவிட்டு, ஆபீஸுக்கு வந்து ‘புத்தம் புதிய’ என்று எழுதுவேன்! எங்கள் கம்பெனி மட்டும் இல்லை, இந்தக் கரையில் பாக்கெட் போடுகிற அத்தனை பேரும் அப்படித்தான் எழுதினோம். சோப்புக்காரன் எழுதுகிறான், துணிக்காரன் எழுதுகிறான், நாமும் எழுதுவோம் என்று எழுதியதுதான். தலையில் அடித்துக்கொண்டேன். “இன்னாடி ஆச்சு, உப்பு குறையுதா?” என்றாள் அக்கா.

திங்கட்கிழமை பாயிடம் போய், “பழைய உப்பு” என்றேன்.

“அதுக்கு இன்னா?”

“கவர்ல போடணும் பாய். பெரிய எழுத்துல. பழைய உப்பு.”

பாய் கண்ணாடியை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. “யா அல்லா. பழசுன்னு எழுதி உலகத்துல எவன்மா வித்திருக்கான்? பேரீச்சம்பழக்காரன்கூட பழைய இரும்ப வாங்கத்தான் செய்றான், விக்கல” என்றார். சரி, நாகரிகமாக எழுதலாம் என்று ‘முதிர்ந்த உப்பு’, ‘பக்குவப்பட்ட உப்பு’, ‘கனிந்த உப்பு’ என்று எழுதிக் காட்டினேன். அவரே சிரித்துவிட்டார். கனிவதற்கு உப்பு என்ன வாழைத்தாரா? வீட்டில் அக்கா ‘பக்குவப்பட்ட உப்பு குடு’ என்று கேட்கவில்லை. பழைய உப்பு என்றுதான் கேட்டாள். “ஷெட்டுக்குப் போலாம் பாய்” என்று அன்று நான்தான் கூப்பிட்டேன்.

பெண்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். கஸ்தூரி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்து வீட்டுக் குரலில் படித்தேன். ‘பழைய உப்பு. போன கோடையில் வாரியது. மழைக்காலம் முழுக்க ஓலைக்கடியில் இருந்தது. ஊறுகாய் கசக்காது.’

கைகள் நின்றன. அப்புறம் கஸ்தூரி மிஷினிலிருந்து திரும்பினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாய் திறந்தது.

“ஏன் பாய், இது நாயமா? எங்களுக்கு வெச்சிருக்கிற அடி உப்ப எடுத்து ஊருக்கு விக்கப் போறீங்களா? நாங்க இன்னாத்தப் போட்டு ஊறுகா போடறது?”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். என் பங்கு இன்னும் வாங்கவில்லை என்றாள் ஒருத்தி, என் நாத்தனாருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள் இன்னொருத்தி. பாய் கையைத் தூக்கி, “உங்க பங்க எவனும் தொட மாட்டான், போதுமா?” என்று சத்தியம் செய்தார். சத்தியம் செய்தால் நம்ப மாட்டார்கள் என்று சொன்ன அதே மனிதர். அப்படியே என் பக்கம் திரும்பி, “ஜல்தி. அச்சுக்குப் போ” என்றார்.

புது கவர் அடிக்க நேரம் இல்லை. எழுத்தே இல்லாத கண்ணாடி கவரில் உப்பைப் போட்டு, வெளியிலிருந்து படிக்கிற மாதிரி உள்ளே ஒரு காகிதச் சீட்டை வைத்தோம். படம் கிடையாது, அலை கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது. செல்வத்தோடு நானும் வேனில் ஏறினேன். திண்டிவனம் அண்ணாச்சி சீட்டைப் படித்துவிட்டு, “ஏம்மா, வியாபாரம் படுத்ததுல புத்தி பேதலிச்சிட்டா? பழசுன்னா எவம் வாங்குவா?” என்றார். நாலு பாக்கெட்டை மட்டும் முன்னால் வையுங்கள் என்று கெஞ்சி வைத்துவிட்டு, ஓரமாக நின்றுகொண்டேன்.

புளி வாங்க வந்த ஒரு அம்மா பாக்கெட்டைத் திருப்பினாள். சீட்டைப் படித்தாள். “பழசுன்னு போட்டிருக்குதே. எப்ப எடுத்தது?”

“போன கோடைம்மா” என்றார் அண்ணாச்சி, வேண்டாவெறுப்பாக.

அவள் உதடு அசைந்தது. போன கோடை, அப்புறம் மழை, அப்புறம் மார்கழி. மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாங்கள் சொல்லாத அந்தப் பெயரை அவளும் சொல்லவில்லை. “ரெண்டு குடுங்க. எலுமிச்சங்கா ஊற வெக்கணும்” என்று வாங்கிக்கொண்டு போனாள். நாங்கள் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். கணக்கு அவளுடையது என்பதால் நம்பினாள். என் உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது மொத்தமும் அந்தக் கடை வாசலில் இருக்கிறது. அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. செல்வம் பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்து, “அக்கா, மானத்த வாங்காதீங்க, வாங்க” என்றான்.

மாவடு சீசன் வந்தது, மாங்காய் வந்தது. ஷெட்டில் முழு நாள் வேலை திரும்பியது. எங்கள் பழைய அம்பாரம் விற்றுக் கரைந்தபோது, பக்கத்து உப்பளங்களில் விலைபோகாமல் கிடந்த பழைய அம்பாரங்களைப் பாய் சத்தமில்லாமல் வாங்கிப் போட்டார். விற்றவர்கள் எல்லாம் பாய்க்கு மூளை குழம்பிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் வேறு ஊர்க் கம்பெனி ஒன்று எங்களைப் பார்த்து நோட்டீஸ் போட்டது: ‘புத்தம் புதிய பழைய உப்பு!!!’ பாய் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடி நெற்றியிலிருந்து கீழே விழுந்தது.

ஆனால் ஆடி மாதம் அவருக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையின் புது உப்பு நல்ல விளைச்சல். அம்பாரம் மேல் அம்பாரமாக நிற்கிறது. கடைகளிலோ ‘பழசு இருக்குதா’ என்றுதான் கேட்கிறார்கள். புதியதைக் கொண்டுபோனால் செல்வத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். வாங்கிப் போட்ட பழையது மழை வரைக்கும் தாங்கும். அதற்குப் பிறகு? மழைக்காலத்து விற்பனைக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதி உப்பை மழைக்கு முன்னால் விற்றுவிட வேண்டும் என்பது உப்பளக்காரர்களின் வேதம். ஓலைக்கடியில் வைத்தால் கொஞ்சம் கரையத்தான் செய்யும், வைக்கிற செலவும் இருக்கிறது. மூட்டையாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வியாபாரி லாரியோடு வந்து நின்றான். கொடுத்தால் அடுத்த வருடம் ஷெட்டுக்கு உப்பு இருக்காது. அந்த லாரி நின்றதைப் பார்த்து ஷெட்டில் எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது.

“நீதான இழுத்து வுட்ட. இதுக்கும் ஒரு சொல் எழுது பாப்போம்” என்றார் பாய் என்னிடம்.

எழுதினேன். ‘இந்த வருட உப்பு’, ‘கோடை உப்பு’, ‘வெயிலில் விளைந்தது’ என்று ஏதேதோ. பாயும் நானும் வாசலில் நின்றோம். படித்தேன். தராசு ஆடியது, மிஷின் அடித்தது, ஒரு கை நிற்கவில்லை. மறுபடி வேறு ஒன்று படித்தேன். கைகள் தம் பாட்டுக்கு ஓடின.

“கை நிக்கலம்மா” என்று சொல்லிவிட்டு, லாரிக்காரனைக் கூப்பிடப் பாய் திரும்பினார்.

கஸ்தூரி தலையைத் தூக்காமலே, மிஷினை மிதித்துக்கொண்டே பேசினாள். “எதுக்குப் பாய் அவளப் போட்டுப் படுத்தறீங்க? ஓலையப் போட்டு மூடுங்க. தானா பழசாவும். வர்ற வருசம் ஒட்டறதுக்கு நான் இங்கதான இருக்கேன்?”

பாய் வாசலிலேயே நின்றுவிட்டார். அம்பாரத்தைப் பார்த்தார், கஸ்தூரியைப் பார்த்தார். அவள் அடுத்த பாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரனிடம் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மத்தியானம் ஓலை வண்டி வந்தது.